யாருக்குப் பக்கத்தில் யார்

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஐந்தாறு ஆண்கள் கூடுவார்கள். ஸ்காபுறோவில் வீடு வாங்கிய நாளிலிருந்து இந்த வழக்கம். தொலைக்காட்சியில் ரொறொன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணியின் ஐஸ் ஹொக்கி ஓடும். 1967க்குப் பிறகு அந்த அணி ஸ்ரான்லி கோப்பையை வென்றதில்லை. ஊரில் கிரிக்கெற்றும் கிளித்தட்டும் விளையாடிய மனிதர்கள், ஸ்கேற்றிங் சப்பாத்தை ஒருநாளும் காலில் போட்டிராதவர்கள், அந்தத் தோல்விகளுக்காக வருடா வருடம் உண்மையாகவே மனம் நோவார்கள். அவர்களுடைய கதையில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எந்த லைனில் யாரைப் போட்டிருக்க வேண்டும்.

நான் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டு படியிறங்குவேன். இருபது வருடம் ஏறி இறங்கினால் யாருக்கும் விளையாட்டு விளங்கும். ஒருநாள் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன்: "அந்த ரெண்டாம் லைனில மூண்டு பேரும் கோல் அடிக்கத்தானே நிக்கினம். மூலைக்குள்ள போய் அடிபட்டு பக்கை எடுத்துக் குடுக்க ஒருத்தரும் இல்லையே."

ஒரு கணம் அமைதி. பிறகு சிரிப்பு. இவர், "உமக்கு உது எப்ப விளங்கத் தொடங்கினது?" என்றார். கேலியாக இல்லை, செல்லமாகத்தான். ஒரு நண்பர், "அக்கா, சட்னி இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்றார். அடுத்த சனிக்கிழமை நான் படியில் இறங்கும்போது இவருடைய குரல் கேட்டது. நான் சொன்ன அதே வசனத்தை, மூலையையும் விடாமல், சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். திருட்டு என்று சொல்ல மாட்டேன். எங்கே கேட்டோம் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் லைன் போடுவதையே தொழிலாகச் செய்பவள் நான் ஒருத்திதான்.

ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினொரு வருடம் பிஎஸ்டபிள்யூவாக, அதாவது பராமரிப்புப் பணியாளராக வேலை செய்தேன். முழங்கால் தேய்ந்த பிறகு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். இப்போது யார் எந்த நாள், எந்த நேரம், எந்தப் பகுதியில் வேலை என்று அட்டவணை போடுவது என் பொறுப்பு. ஒருவருக்கு நிரந்தரமாகக் கிடைக்கும் வேலை வரிசையை நாங்களும் லைன் என்றுதான் சொல்வோம். "உனக்கு லைன் கிடைச்சிட்டுதோ?" என்று ஒருத்தி கேட்டால், அதில் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக்கூட நேரமும் எல்லாம் அடக்கம்.

ஹொக்கி லைனைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனித்தரையில் ஒரு அணிக்குக் காவலாளியைத் தவிர ஐந்து பேர். மூவர் முன்னணி வீரர்கள், இருவர் பின்னால் தடுப்பவர்கள். முழு வேகத்தில் சறுக்குவதால் முக்கால் நிமிடத்துக்குள் மூச்சு முட்டிவிடும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூவரும் பெஞ்சுக்குத் திரும்ப, அடுத்த மூவர் பலகைக்கு மேலால் குதிப்பார்கள். ஆகவே பயிற்சியாளர் பன்னிரண்டு முன்னணி வீரர்களை மூன்று மூன்றாகப் பிரித்து நாலு கூட்டம் ஆக்குகிறார். ஒவ்வொன்றும் ஒரு லைன். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், நடுவில் சென்ரர். நடுவில் நிற்பவர்தான் பக்கைப் போடும்போது எதிராளியோடு மல்லுக்கட்டுவார், பின்னால் ஓடிவந்து தடுப்பவர்களுக்கும் உதவுவார்.

முதல் இரண்டு லைனும் கோல் அடிக்க. மூன்றாவது, எதிரணியின் சிறந்த லைனைக் கட்டிப்போட. நாலாவது லைன் ஆட்டம் முழுக்க ஏழெட்டு நிமிடம் இறங்கும். மோதி, எதிராளியைக் களைக்க வைத்து, மற்றவர்கள் மூச்சு வாங்க நேரம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும். அணி தோற்றுக்கொண்டிருந்தால் கடைசிப் பகுதியில் பயிற்சியாளர் அவர்களை மறந்தே போவார். அதற்குப் பெஞ்சைச் சுருக்குவது என்று பெயர். பெஞ்சு நீளம் குறைவதில்லை. அதிலேதான் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் கையும் முக்கியம். மட்டையை இடப்பக்கம் பிடிப்பவர், வலப்பக்கம் பிடிப்பவர் என்று இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரி வலப்பக்கம் நின்றால் பலகையோரம் வரும் பக்கைச் சுலபமாக வாங்கலாம். அவளையே இடப்பக்கம் நிறுத்தினால் வாங்குவது கடினம், ஆனால் அடிப்பதற்குக் கோல் வாய் அகலமாகத் திறக்கும். நாலு லைனுக்கும் இதையெல்லாம் பார்த்துப் பன்னிரண்டு பெயரைப் பிரிக்க வேண்டும்.

பயிற்சி நாட்களில் ஒரு லைனைச் சேர்ந்த மூவருக்கும் ஒரே நிற மேலாடை கொடுப்பார்கள். உடைமாற்றும் அறைக்குள் வந்து, தன் கொக்கியில் தொங்கும் நிறத்தைப் பார்த்துத்தான் தான் இன்று யாரோடு, எத்தனையாவது லைன் என்று ஆட்டக்காரிக்குத் தெரியவரும். நான் திங்கட்கிழமை காலையில் அறிவிப்புப் பலகையில் அட்டவணையைக் குத்தும்போது சாப்பாட்டு அறையிலிருந்து எழுந்துவரும் முகங்கள் எனக்கு அப்போது ஞாபகம் வரும்.

2024 ஜனவரி 1ஆம் தேதி மகள் என்னைப் பெண்கள் ஹொக்கிக்குக் கூட்டிப்போனாள். தொழில்முறைப் பெண்கள் ஹொக்கி லீக்கின் முதலாவது ஆட்டம், ரொறொன்ரோவும் நியூயோர்க்கும். அரங்கு, பழைய மேப்பிள் லீவ் கார்டன்ஸ். 1931இலிருந்து 1999 வரை லீவ்ஸ் ஆண்கள் விளையாடிய கட்டடம். இப்போது கீழே லோப்லோஸ் பலசரக்குக் கடை, மேலே சிறிய பனித்தரை. கரட்டும் பாலும் விற்கும் இடத்துக்கு மேலே போய் உட்கார்ந்தோம். ரொறொன்ரோ 4-0 என்று தோற்றது. எனக்குத் தோல்வி பெரிதாகப் படவில்லை. பின்வரிசையில் என் வயதுப் பெண்கள் இரண்டு பேர், வெள்ளைக்காரிகள், முதல் இடைவேளை முடியும் முன்பே லைன்களைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னது முழுப் பிழை என்று எனக்குப் பட்டது. திரும்பிச் சொன்னேன். அவள் எதிர்வாதம் செய்தாள். ஒருவரும் சட்னி கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஒரு கொப்பியில் ரொறொன்ரோவுக்கு லைன் எழுதினேன். மகள் சிரித்தாள். தொடக்கத்தில் தடுமாறிய அணி பிறகு தொடர்ந்து பதினொரு ஆட்டங்களை வென்றது. பெப்ரவரி 16ஆம் தேதி ஸ்கோசியாபாங்க் அரீனாவில் 19,285 பேர் முன்னால் மொன்றியலை 3-0 என்று வென்றபோது நானும் அந்தக் கணக்கில் ஒருத்தி.

எங்கள் வேலைத்தலத்தில் எல்லாருக்கும் பிடித்தவர் சாரா நர்ஸ், முதலில் பெயருக்காகவே. "இஞ்ச ஒருத்தியும் நேரத்துக்கு வாறேல்ல, அங்க ஒரு நர்ஸ் என்ன ஓட்டம் ஓடுறாள் பார்" என்பார் ஒரு அக்கா. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கனடா அவரை மரி-பிலிப் பூலானோடும் பிரியான் ஜென்னரோடும் ஒரே லைனில் விட்டது. ஜென்னர் ஒன்பது கோல் அடித்தார். பூலானுக்குப் பதினேழு புள்ளி. நர்ஸுக்குப் பதினெட்டு; ஒரே ஒலிம்பிக்கில் எந்தப் பெண்ணும் அதற்கு முன் எடுக்காதது. அந்தப் பதினெட்டில் ஐந்துதான் கோல். பதின்மூன்று, மற்றவர்கள் அடிக்கும்படி கொடுத்தவை. ஹொக்கியில் இது எனக்குப் பிடித்த விஷயம்: கொடுத்தவளையும், அவளுக்கு முன் கொடுத்தவளையும்கூடக் கணக்கில் எழுதுவார்கள். அடித்தவளுக்கு ஒரு புள்ளி என்றால் அவர்களுக்கும் ஒவ்வொரு புள்ளி. எங்கள் கோப்புகளில் அப்படி ஒரு நிரல் இல்லை.

ஆனால் ஹொக்கியும் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. நடாலி ஸ்பூனரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் பிள்ளை பெற்றார். நாலு மாதத்தில் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் விளையாடினார். ரொறொன்ரோவின் முதல் பருவத்தில் 24 ஆட்டங்களில் 20 கோல். லீக்கில் வேறு யாரும் கிட்டவும் வரவில்லை. அவர் உயரமான, பலமான பெண். கோல் வாய்க்கு முன்னால் போய் நின்றுவிடுவார். முதுகில் மட்டை விழும், தள்ளுவார்கள், அசைய மாட்டார். அங்கே நின்று தட்டிவிடுவதும், காவலாளி தடுத்துத் தெறிக்கும் பக்கை உள்ளே தள்ளுவதும் அவர் வேலை. அப்படியானால் அவரோடு யாரைப் போடுவது? மூலைக்குள் போய் பக்கை மீட்க ஒருத்தி வேண்டும். அதைத் தூரத்திலிருந்து சரியான நேரத்தில் அடிக்க ஒருத்தி வேண்டும். தன்னுடைய கோல் கணக்கு குறைந்தாலும் மனம் சுருங்காத இருவர். இதை வர்ணனையாளர்கள் கெமிஸ்ட்ரி என்கிறார்கள், நம் சினிமாக்காரர் கதாநாயகன் கதாநாயகியைச் சொல்வதைப் போல. தானாக நிகழும் மாயம் மாதிரி. எனக்கு அந்தச் சொல்லில் கோபம். ஒருத்தி மற்றவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், அவள் எங்கே போவாள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தன் காலை அங்கே திருப்புகிறாள். அது வேலை. வீட்டிலும் அதற்கு வேறு அழகான பெயர்கள் வைத்திருக்கிறோம்.

அந்த அணியின் பொது மேலாளர் ஒரு பெண், ஜீனா கிங்ஸ்பரி, தானே ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பெஞ்சுக்குப் பின்னால் நின்று லைன் போட்டவர் ட்ரோய் ரயன் என்ற ஆண். பெய்ஜிங்கில் கனடாவுக்கும் அவர்தான் பயிற்சியாளர். திறமையானவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் கொப்பியில் எழுதும்போது, பன்னிரண்டு பெண்களையும் பிரிக்கும் கை ஒரு ஆணுடையது என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் உறுத்தியது. ஒரு பெண் பிரித்தால் வித்தியாசமாக இருக்குமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். அதற்கான பதில் அந்த வசந்தத்தில் என் கையாலேயே வந்தது.

லைன் போடுபவர்களுக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. சிறந்த மூவரையும் ஒன்றாக விடுவதா, பிரித்து ஒவ்வொரு லைனுக்கும் ஒருவராகப் பரப்புவதா? ஒன்றாக விட்டால் அந்த முக்கால் நிமிடம் யாரும் தடுக்க முடியாது. ஆனால் எதிரணிக்கு ஒரு லைனைக் கட்டினால் போதும். சொந்த மைதானத்தில் என்றால், எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டுக் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உண்டு, கொஞ்சம் தப்பிக்கலாம். வெளியூரில் அதுவும் இல்லை. பரப்பினால் எல்லா லைனும் ஓரளவு நிற்கும்.

எங்கள் இல்லத்தின் மேற்குப் பகுதியில் பின்னேர ஷிஃப்ற்றில் ஏழு வருடமாக ஒன்றாக வேலை செய்த மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தர் வடமராட்சி அக்கா, ஒருத்தி பிலிப்பைன்ஸ்காரி, ஒருத்தி ஜமேக்காக்காரி. அந்தப் பகுதியிலிருந்து ஒரு முறைப்பாடு வந்ததில்லை, ஒரு விழுகை அறிக்கை அபூர்வம். மேலிடம் என்னிடம் சொன்னது: பலத்தைப் பரப்பு. புதிதாக வந்தவர்கள் மற்றப் பகுதிகளில் திணறுகிறார்கள், இந்த மூவரையும் பிரித்து மூன்று இடத்தில் வை. எனக்கும் சரியென்றே பட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கொப்பியில் எழுதியதை உண்மையான ஆட்களை வைத்துச் செய்கிறேனே. மார்ச் மாதம் பிரித்தேன். மூவரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டவணையைக் குத்திவிட்டு வந்துவிட்டேன்.

மே மாதம் பிளேஓஃப். முதலிடத்தில் முடித்த அணிக்கு இந்த லீக்கில் ஒரு விசித்திரமான சலுகை, அரையிறுதியில் யாரோடு விளையாடுவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம். ரொறொன்ரோ நாலாமிடத்து மினசோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் ஸ்பூனர் முழங்கால் அடிபட்டு வெளியேறினார். ஒருவர் போனால் அந்த ஓட்டையை ஒருவரை வைத்து அடைக்கலாம் என்றுதான் வெளியில் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. இரண்டாம் லைனிலிருந்து ஒருத்தி மேலே போவாள், மூன்றாவதிலிருந்து ஒருத்தி இரண்டாவதுக்கு, நாலு லைனும் குலையும். யார் எங்கே வருவாள் என்று காலுக்குத் தெரிந்திருந்தது எல்லாம் திரும்பவும் தலையால் யோசிக்க வேண்டியதாகிவிடும். அந்த ஆட்டத்தையும் சேர்த்துக் கடைசி மூன்று ஆட்டங்களில் ரொறொன்ரோ அடித்தது ஒரே ஒரு கோல். மூன்றிலும் தோல்வி. மினசோட்டா போய் வால்ரர் கோப்பையையே வென்றது.

ஜூனில் வடமராட்சி அக்காவுக்கு முதுகு பிடித்தது. படுக்கையிலிருந்து ஆளைத் தூக்கும் இயந்திரத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் இயக்க வேண்டும் என்பது விதி. கூட இருக்க வேண்டிய புதுப் பெண் வேறு அறையில் மணி அடித்து ஓடிவிட்டாள். கிழவி ஒருவர் பட்டியில் சரியத் தொடங்க, அக்கா தனியே தாங்கிப் பிடித்திருக்கிறார்.

வீட்டுக்குப் பார்க்கப் போனேன். அக்கா சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ தொடங்க, கையால் நிறுத்தினார்.

"பிள்ளை, நீ எங்களைப் பிரிச்சது பேப்பரில சரிதான். ஆனா அவள் ஜமேக்காக்காரி நான் கூப்பிட முதலே வாசலில நிப்பாள், தெரியுமோ? ஏழு வருசத்தில நான் ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்ல."

அது ஒரு கோப்பிலும் இல்லை. நானும் பதினொரு வருடம் அந்தத் தளத்தில் வேலை செய்தவள். எனக்கும் அப்படி வாசலில் வந்து நின்றவள் ஒருத்தி இருந்தாள். அலுவலகக் கதிரையில் நாலு வருடம் இருந்ததில் மறந்துவிட்டேன். நிலக்கீழ் அறையில் இவருக்கு மறந்ததைப் போலத்தான்.

இலையுதிர் கால அட்டவணைக்கு முன் புதிதாக ஒன்று செய்தேன். மேலிடத்தின் அனுமதியை வாங்க மூன்று வாரம் பிடித்தது. சாப்பாட்டு அறையில் ஒரு தாளை வைத்தேன்: யாரோடு வேலை செய்ய விருப்பம், இரண்டு பெயர் எழுதுங்கள். இதை எழுதிக்கொண்டு வரும்போது நானே ஏதோ விடுதலை கொண்டுவந்துவிட்டதாக நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாள்கள் வந்தன. தமிழ்ப் பெண்கள் தமிழ்ப் பெண்களை எழுதியிருந்தார்கள். மலையாளிகள் மலையாளிகளை. பலசாலிகளின் பெயர் பத்துத் தாளில் இருந்தது. வேலைக்கு வந்து ஆறு மாதமான ஒரு பஞ்சாபிப் பெண்ணின் பெயரை ஒருத்திகூட எழுதவில்லை. வகுப்பில் கடைசிவரை ஒரு குழுவிலும் சேர்க்கப்படாமல் நிற்கும் பிள்ளைபோல. ஏன் என்று விசாரித்தேன். நல்ல பிள்ளைதான், ஆனால் அவளோடு சேர்ந்து ஆளைத் திருப்பினால் இடிபடுகிறது, கை மாறுகிறது, பழக்கமில்லை போலிருக்கிறது என்றார்கள்.

ஆக, திரும்பவும் யாரோ ஒருத்தி முடிவெடுக்க வேண்டியிருந்தது. அது நான்தான். மேற்குப் பகுதி மூவரையும் மறுபடி ஒன்றாக்கினேன். அக்கா இலேசான வேலைக்குத்தான் திரும்பியிருந்தார், ஆகவே நாலாவதாக ஒருத்தியை அவர்களோடு சேர்க்க இடம் இருந்தது. இந்தத் தடவை குத்துவதற்கு முன்னால் போய்க் கேட்டேன். பஞ்சாபிப் பிள்ளையை உங்களோடு விடட்டுமா?

ஜமேக்காக்காரி தோளைக் குலுக்கினாள். பிலிப்பைன்ஸ்காரி அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார்.

"அவள் இடக்கைக்காரியெல்லோ. நீ கவனிக்கேல்லையா?"

நான் கவனிக்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்கக் கொப்பியில் ஒவ்வொரு ஆட்டக்காரியின் பெயருக்குப் பக்கத்திலும் இ, வ என்று குறித்தவள்.

"கட்டிலின்ர மற்றப் பக்கத்தை அவளுக்கு விட்டாச் சரி" என்றார் அக்கா. "நான் இஞ்சால நிக்கிறன்."